ஹாஜியம்மாவும் ஹீட்டர் காற்றும்

அர்தபீல்,
பஹ்மன் மாதம் 14, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மூத்த சகலை எஸ்ஸத்துல்லா அண்ணன் அவர்களின் சமூகத்திற்கு இளைய சகலை ஃபெய்ஸுல்லா நாம்வர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

அண்ணன் நலமா, அக்கா நலமா, அக்காவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, பிள்ளைகளின் கண்களுக்கு எங்கள் முத்தம். உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நடந்ததை மட்டுமே எழுதிப் பழகிய கை இது, பொய் எழுதச் சொன்னால் மக்கர் செய்கிறது. ஆகையால் நடந்ததையே எழுதிவிடுகிறேன். படிக்கும்போது கோபம் வந்தால் பாதியில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுத் தொடருங்கள்.

ஹாஜியம்மா இந்நேரம் தப்ரீஸ் வந்து சேர்ந்து, உங்கள் வீட்டுக்கும் வந்து, தன் பங்குக் கதையைச் சொல்லியிருப்பார். அதில் பாதிதான் உண்மை. நான் அவரை ஐஸ் போட்ட மீன் பெட்டியில் வைத்து ஊர்வலம் விட்டதாகச் சொல்லியிருந்தால், அது இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது முன்சீட்டில். கீழே விழுந்தார் என்பதும் சரியில்லை, உட்கார்ந்தார். கொஞ்சம் வேகமாக உட்கார்ந்தார், அவ்வளவுதான். நீங்கள் எனக்காக ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒரு பெட்டி நல்ல இனிப்பு வாங்கிக்கொண்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு ஹாஜியம்மா வீட்டுக்குப் போய், நம் மகள் செவிலுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். பிள்ளைக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. ஹாஜியம்மாவின் மகன் டாக்டர் முஸஃபர் போல ஒரு மாப்பிள்ளை இனி எங்கே கிடைப்பார்? அவர் பல்செட் செய்கிறவர்தான், டாக்டர் இல்லைதான், எனக்கும் தெரியும். ஆனால் தப்ரீஸ் முழுக்க டாக்டர் என்று கூப்பிடும்போது நாம் மட்டும் எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும்? இந்த வரன் கைவிட்டுப் போனால் உங்கள் மச்சினி மஹ்லகா என்னை வீட்டில் வைத்திருப்பாளா என்பதே சந்தேகம். இனி எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது.

இந்தக் கதை வண்டியில்தான் தொடங்குகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வண்டி உங்களுடையது. மூன்று வருடத்துக்கு முன்பு உங்கள் வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, வண்டி கிளி மாதிரி இருக்கே" என்றேன். ஒரு மரியாதைக்குச் சொன்னது. நீங்களும் மரியாதைக்கு, "உங்களுதுதான், எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள். நான் ஐயோ வேண்டாம் என்றேன். நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் மனசு கஷ்டப்படும் என்றீர்கள். மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சாவியைக் கொண்டுவந்து என் கோட்டுப் பையில் போட்டுவிட்டார்கள். அந்தச் சாவி அவ்வளவு சுறுசுறுப்பாக வந்ததைப் பற்றி மஹ்லகா அன்று திரும்பி வரும் வழியிலேயே, அதாவது இரண்டாவது முறை வண்டி நின்றபோதே, ஒரு சந்தேகம் கிளப்பினாள். நான்தான் அவள் வாயை அடக்கினேன். பெரியவர்கள் அன்பாகக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தள்ளினேன்.

ஹாஜியம்மா வியாழக்கிழமை பெண் கேட்டு வருகிறார் என்று நீங்கள் போன் செய்த அன்றே செவிலிடம் சொல்லிவிட்டோம். "எனக்கு வேணாம்பா" என்றாள். நானும் மஹ்லகாவும் ஒருவரை ஒருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டோம். கேட்டவுடன் சரி என்று தலையாட்டுகிற பெண்ணை யார் மதிப்பார்கள்? மூன்று தடவை மறுக்காமல் நம் குடும்பத்தில் யாராவது ஒரு பேரீச்சம்பழமாவது எடுத்ததுண்டா? மறுநாள் காலையில் ரொட்டியும் பாலாடையும் சாப்பிடும்போது இரண்டாவது தடவை வேணாம் என்றாள். மூன்றாவதை அக்காவிடமே போனில் சொன்னாள், அக்காவும் மகிழ்ந்துபோய் 'என் தங்கச்சி வளர்ப்பு' என்று சொன்னதாக அறிந்தேன். மூன்று ஆகிவிட்டது என்று மஹ்லகா திரைச்சீலை துவைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகும் செவில் நான்காவதாக ஒரு வேணாம் சொன்னாள். அதை நாங்கள் அடுத்த சுற்றின் முதலாவது என்று எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை வண்டியின் ஹீட்டர் நின்றது. நின்றது என்பதுகூடத் தவறு, நன்றாகவே ஓடியது. வெளியிலிருந்த பனிக்காற்றை வாங்கி, அது போதாதென்று இன்னும் கொஞ்சம் குளிரவைத்து என் முழங்காலில் ஊதியது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளோ சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. முன்னால் அடுப்பு எரிகிறது, உள்ளே நான் உறைகிறேன். மலைக் கணவாயில் பனி கொட்டிக் கிடப்பதால் ஹாஜியம்மா தன் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறார், பஸ் நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவர வேண்டும், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. நம் மெக்கானிக் உஸ்தா ஹைபத்தின் பட்டறைக்கு ஓடினால் கதவில் பூட்டு. குடும்பத்தோடு மஷ்ஹத் தர்காவுக்கு ஸியாரத் போயிருக்கிறாராம், வெள்ளிக்கிழமைதான் திரும்புவாராம். அவர் துஆவில் என் வண்டி இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த செவில், "அப்பா, ஏர் லாக் ஆயிருக்கு. ஹீட்டருக்குப் போற தண்ணியில காத்து மாட்டிக்கிச்சு. வண்டி மூக்க மேட்டுப் பக்கமா நிறுத்தி, கூலன்ட ஊத்தி ஏர எடுத்தா சரியாயிடும். பத்து நிமிஷ வேலை, நான் பாக்கட்டுமா?" என்றாள். பெண் கேட்டு வருகிற வாரத்தில் பெண் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் தெருவில் என்ன பேசுவார்கள்? "நீ டீ போடும்மா, ஆம்பளைங்க பாத்துக்கிறோம்" என்றேன். அவள் படித்தது இயந்திரவியல்தான். பால் பண்ணையில் கொதிகலன், பம்ப், அரை மைல் குழாய் எல்லாம் அவள் பொறுப்புதான். நாள் முழுக்க அந்தக் குழாய்களிலிருந்து காற்று எடுப்பதுதான் வேலை என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் அது பால் பண்ணை, இது கார்.

நம் சந்தில் எஞ்சினியர்களுக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும். தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஜவான்ஷீர், முனையில் மோர்க்கஞ்சிக் கடை வைத்திருக்கும் எஞ்சினியர் பெய்ராமி, அப்புறம் அடியேன், எஞ்சினியர் நாம்வர். செவ்வாய்க்கிழமை மதியம் மூவரும் கூடினோம். சந்து சரிவுதானே, வண்டியின் மூக்கை மேடு பார்த்து நிறுத்தினோம். எஞ்சினைப் போட்டோம். காற்று வெளியே வர வேண்டுமானால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. யார் திறப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"எஞ்சினியர் சார், நீங்க திறங்க."

"சேச்சே, பெய்ராமி சார் இருக்கும்போது நான் கை வைக்கிறதா?"

"நான் யாரு, கஞ்சி கிண்டுறவன். வயசுலயும் அனுபவத்துலயும் நீங்கதான் பெரியவர். உங்க கையால திறந்தாதான் விளங்கும்."

"வண்டிக்காரர் நாம்வர் சார் நிக்கிறாரு. அவருக்கு முன்னாடி நான் திறந்தா அது மரியாதையா?"

"என் வண்டின்னு பிரிச்சுப் பேசாதீங்க சார், உங்க வண்டி. நீங்களே திறங்க."

இப்படி மார்பில் கை வைத்துக் குனிந்து குனிந்து கால் மணி நேரம் ஓடியது. எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலைத் திறந்து செவில் கத்தினாள், "அப்பா! சூட்டோட மூடியத் திறக்காதீங்க! முதல்ல எஞ்சின ஆஃப் பண்ணுங்க!" ஜவான்ஷீர் மேலே பார்த்து அன்பாக, "பாப்பா, குளிர் அடிக்குது, ஜன்னல மூடிக்கோ கண்ணு" என்றார். அவர் தலையைத் தாழ்த்துவதற்குள் மூடி எங்கள் மூவருடைய மரியாதைக்கும் காத்திராமல் தானே திறந்துகொண்டது. வெந்நீர் ஊற்று மூன்றாள் உயரம் எழும்பியது. நல்லவேளையாக, நீ முன்னால் போ நீ முன்னால் போ என்று மூவருமே மூன்றடி பின்னால் நின்றிருந்தோம். பெய்ராமியின் ஆட்டுத்தோல் தொப்பி மட்டும் நனைந்து, ஐந்து நிமிடத்தில் உறைந்து, தலையில் சட்டி கவிழ்த்ததுபோல் நின்றது.

காலியானதை நிரப்ப வேண்டுமே. இங்கேதான் பெய்ராமி ஒரு தத்துவத்தை எடுத்துவிட்டார். "குழாய்த் தண்ணியில காத்து இருக்கு சார். அதான் பிரச்சினையே. கொதிக்க வச்ச தண்ணியில காத்து இருக்காது. சமோவார்ல இருக்கிறத அப்படியே ஊத்துவோம்." எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மஹ்லகா டீக்கு வெந்நீர் போடும் பெரிய சமோவாரைத் தூக்கிவந்து முழுவதையும் ஊற்றினோம். ஜன்னலிலிருந்து "ஐயோ, வெறும் தண்ணியா? ராத்திரி உறைஞ்சா எஞ்சின் வெடிச்சுடும்பா!" என்று ஒரு குரல். "டீ எங்கம்மா?" என்று கேட்டேன். "சமோவார்தான் உங்ககிட்ட இருக்கே" என்று பதில் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாய் இருக்கிறதே, ஹாஜியம்மா வீட்டில் எப்படிக் குப்பை கொட்டப்போகிறாளோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. சாயங்காலம் அவள் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை வண்டியைப் போட்டால், அண்ணே, ஹீட்டரில் தந்தூர் அடுப்பு மாதிரி அனல்! கோட்டைக் கழற்றினேன், கம்பளிச் சட்டையைக் கழற்றினேன், அப்படியும் வியர்த்தது. ஜவான்ஷீரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், பெய்ராமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், மூன்று எஞ்சினியர்களும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சந்துக்குள் மேலும் கீழும் நான்கு தடவை போய்வந்தோம். "என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான் சார்" என்றார் ஜவான்ஷீர். பெய்ராமி கடையிலிருந்து சந்து முழுக்கக் கஞ்சி வழங்கினார். சமோவார் முறையை உஸ்தா ஹைபத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுகூடப் பேசிக்கொண்டோம். அன்று செவிலும் டீ கொண்டுவந்தாள், எங்கள் பேச்சை நின்று கேட்டாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். வரன் மனதுக்குப் பிடித்துவிட்டது, வெட்கம் வந்துவிட்டது என்று மஹ்லகா என் காதில் சொன்னாள். இருந்தாலும் கேட்டுவைப்போம் என்று நான் கேட்டதற்கு அவள் ஐந்தாவது வேணாமைச் சொன்னாள். குரல் முன்பைவிட மெல்லியதாக இருந்ததால் சம்மதம் நெருங்குகிறது என்று முடிவு செய்தோம்.

வியாழக்கிழமை. குளித்து, சவரம் செய்து, உங்கள் தங்கை கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மஹ்லகா வழக்கம்போல் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து, போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வண்டிக்குப் பின்னால் ஊற்றினாள். இருபது அடி போனதும் மூக்குக் கண்ணாடியை விட்டது நினைவு வந்தது. திரும்பி வந்து எடுத்தேன். மறுபடி புறப்பாடு, மறுபடி தண்ணீர். அடுத்து தொப்பி. மூன்றாவது கிண்ணம். இன்றைக்குப் போகிற காரியம் சாதாரணமா என்று நான்காவதாக ஒரு வாளியையே கொண்டுவந்து சரிவு முழுக்கக் கொட்டினாள். அன்பு மிகுதியில் செய்தது, அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டில் ஒரு வாளி அன்பு என்ன ஆகும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

சந்து தாண்டுவதற்குள் ஹீட்டர் குளிராக ஊத ஆரம்பித்தது. நேற்று தந்தூர், இன்று பனிமலை. இதற்குக் கண்ணேறு தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் ஜவான்ஷீர் அந்த ஹீட்டரைப் பார்த்த பார்வை அப்படி. திரும்பிப் போனால் ஐந்தாவதாக இன்னொரு வாளி வரும், நேரமும் இல்லை. பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தேன். ஹாஜியம்மா கறுப்புச் சாதர் போர்வையில் மினாரா மாதிரி நிற்கிறார், பக்கத்தில் டாக்டர் முஸஃபர், ஒரு கையில் பூங்கொத்து, ஒரு கையில் கேக் பெட்டி, தலைமுடியில் நிறைய எண்ணெய். முன்சீட் யாருக்கு என்று ஆரம்பித்தது. பெரியவங்க நீங்க உட்காருங்க என்கிறார் டாக்டர். நீ கால் நீளமானவன், உட்காரு என்கிறார் ஹாஜியம்மா. நீங்கள் இருவரும் முன்னால் உட்காருங்கள், நான் பின்னாலிருந்து ஓட்டுகிறேன் என்ற அளவுக்கு நான் போய்விட்டேன். கதவு நான்கும் திறந்தபடி பத்து நிமிடம். கடைசியில் ஹாஜியம்மா முன்னால் உட்கார்ந்தபோது, வெளியைவிட உள்ளே குளிர் அதிகமாக இருந்தது.

"கொஞ்சம் ஹீட்டர் போடலாமே, நாம்வர் சார்."

"போட்டிருக்கேன் ஹாஜியம்மா. இப்ப வந்துரும்."

குமிழை முழுக்கத் திருப்பினேன். குளிர் இன்னும் பலமாக அவர் முகத்தில் அடித்தது.

"பரவாயில்ல, பரவாயில்ல, ரொம்ப சௌகரியமாத்தான் இருக்கு" என்றார். பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில் பாதிதான் எனக்குக் கேட்டது. அந்தப் பற்கள் மகன் செய்தவை என்று நினைக்கிறேன், நல்ல உறுதி. இவ்வளவு குளிரிலும் அவர் காரியத்தை விடவில்லை. "பொண்ணு ஏதோ பால் பண்ணையில எண்ணெய்க் கையோட நிக்கிறாளாமே? நிக்காஹ்வுக்கு முன்னாடியே அத விட்டுடணும். எங்க வீட்டுல பொண்ணுங்க குழாயத் தொடறது பாத்திரம் கழுவத்தான்" என்றார். "உங்க விருப்பம்தான் ஹாஜியம்மா, நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் அவர் என் தலையைக் கேட்டிருந்தாலும் கழற்றிக் கொடுத்திருப்பேன். ஹீட்டர் இல்லாததால் எங்கள் மூச்சு கண்ணாடியில் படிந்து உள்பக்கமே உறைந்துவிட்டது. டாக்டர் பின்னாலிருந்து எட்டி, கேக் பெட்டியின் அட்டையைக் கிழித்து, நான் பார்ப்பதற்கு ஒரு முட்டை அளவு ஓட்டை சுரண்டித் தந்தார். அந்த ஓட்டை வழியாகவே ஊரைக் கடந்தேன். பூக்கள் எல்லாம் கறுத்துவிட்டன. டாக்டரின் தலைமுடி எந்தப் பக்கம் சீவினாரோ அந்தப் பக்கமே விறைத்து நின்றது.

நம் சந்தின் சரிவுக்கு வந்தோம். வண்டி பாதி ஏறியது, மஹ்லகாவின் பனிக்கட்டியில் கால் வைத்தது, யோசித்தது, பின்னால் வந்தது. மறுபடி ஏறினேன், மறுபடி வந்தது. மூன்றாவது முறை நேராக பெய்ராமி கடை வாசலில் குவித்து வைத்திருந்த பனிக் குவியலுக்குள் பின்புறத்தைச் செருகிக்கொண்டு நின்றது. நடந்தே போய்விடலாம் என்று ஹாஜியம்மா இறங்கினார். அங்கேதான் மேலே குறிப்பிட்ட உட்கார்தல் நடந்தது. சந்தே ஓடிவந்தது. எஞ்சினியர் ஜவான்ஷீரும் எஞ்சினியர் பெய்ராமியும் கஞ்சிக் கடை நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நீங்க முன்னால பிடிங்க, நீங்க முன்னால பிடிங்க என்று சொல்லிக்கொண்டே தூக்கி வந்தார்கள். வாசலில் மஹ்லகா கண்ணேறு கழிய எஸ்ஃபந்து விதை தூவிப் புகை போட்டாள். ஹாஜியம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியது, இதில் புகையும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்குள் அடுப்பருகே உட்காரவைத்தோம். செவில் டீத் தட்டோடு வந்தாள். அண்ணே, நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு துளி சிந்தவில்லை, கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று கிண் என்றுகூடச் சொல்லவில்லை. இப்படி ஒரு பெண்ணை யாருக்குப் பிடிக்காது? டாக்டரின் விரல்கள்தான் டம்ளரைப் பிடிக்க மறுத்தன. ஹாஜியம்மா சர்க்கரைக் கட்டியைப் பல்லில் வைத்தபடி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, "ஒரு வண்டியச் சூடாக்கத் தெரியல. இந்த வீட்டுல இருந்து பொண்ணு எடுத்தா குடும்பம் எப்படி விளங்கும்?" என்றார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கெஞ்சினோம். வேண்டாம் என்றார். மூன்று முறை வேண்டாம் என்றார், நாங்களும் நிம்மதியாக கீரைக்கறிப் புலாவை எடுத்து வைத்தோம். நான்காவது முறை வேண்டாம் என்று சொல்லி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். ஒரு மனிதர் வேண்டாம் என்றால் அதற்கு வேண்டாம் என்றே அர்த்தம் இருக்க முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். வாடகை வண்டி பிடித்துப் போய்விட்டார்கள். வாடகை வண்டியில் ஹீட்டர் வேலை செய்ததாம், ஜவான்ஷீர் கதவைத் திறந்துவிட்டபோது கவனித்திருக்கிறார்.

நேற்று முழுக்க மஹ்லகா என்னோடு பேசவில்லை. அதாவது என்னைப் பார்த்துப் பேசவில்லை, சமோவாரைப் பார்த்துப் பேசினாள். இடையிடையே அழுதாள். நான் முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் கல்யாணப் பதிவுகளுக்கு முத்திரை குத்தியிருப்பேன், என் ஒரே மகள் பெயருக்கு எதிரே உள்ள கட்டம் காலியாகவே இருந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆகவே அண்ணன் தயவு செய்ய வேண்டும். தவறு வண்டியுடையது என்று சொல்லுங்கள். வண்டி யாருடையது என்று கேட்டால் அதை நீங்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஹாஜியம்மா சொன்ன நிபந்தனை எல்லாம் சம்மதம், வேலையையும் விட்டுவிடுவாள் என்று என் சார்பாக வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

அக்காவின் இடுப்புக்கு இங்கிருந்து கறுப்பு அல்வா ஒரு டப்பா அனுப்புகிறேன், சூடாக்கிச் சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுச் சுவர் வெயிலிலும் உங்கள் வாசல் விருந்தாளிகளிலும் குறைவில்லாமல் இருக்கட்டும். என் எழுத்தில் ஏதாவது மரியாதைக் குறைவு தெரிந்தால் அது பேனாவின் பிழை, மன்னியுங்கள்.

உங்கள் காலடித் தூசியான,
ஃபெய்ஸுல்லா நாம்வர்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை காலை எழுதுகிறேன். பால் பண்ணைக்குப் போகும் வழியில் தபாலில் போடச் சொல்லி இந்தக் கடிதத்தை செவிலிடம் கொடுத்திருந்தேன். உறை ஒட்டவில்லை. படித்திருக்கிறாள். இன்று காலை கடிதத்தை என் டீ டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, "அப்பா, இதுல ரெண்டு தப்பு இருக்கு, திருத்திடுங்க. செவ்வாக்கிழமை சாயங்காலம் நான் வாங்கிட்டு வந்தது மண்ணெண்ணெய் இல்ல, கூலன்ட். உங்க சமோவார் தண்ணிய வடிச்சுட்டு, ஹீட்டர் ஹோஸ் மேல இருக்கிற திருகத் திறந்து ஏர் எடுத்தது நான்" என்றாள்.

இரண்டாவது தப்பு என்ன என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"வியாழக்கிழமை காலையில நீங்க சவரம் பண்ணிட்டு இருந்தப்போ, கீழ கொஞ்சம் வடிச்சு விட்டு, மேல திருகத் திறந்து, ஏரத் திரும்ப உள்ள விட்டதும் நான்தான். ஜவான்ஷீர் சாரோட கண்ணு ஒண்ணும் பண்ணல."

"எஞ்சின் போயிருந்தா?"

"ஊருக்குள்ள ஓடுற தூரந்தான். இந்தக் குளிர்ல தாங்கும். கணக்குப் போட்டுத்தான் விட்டேன்."

"ஏம்மா, பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

கேட்டு முடிப்பதற்குள் அவள் ஐந்து விரலையும் விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். அப்புறம் அந்தக் கையைக் கீழே இறக்கி, "எனக்கு என் வேலை பிடிக்கும்பா" என்றாள். அவள் அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கியது. பிள்ளை பேசுவதை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. வெட்கமாக இருக்கிறது, அண்ணே.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம்தான், ஆனால் உங்கள் வண்டியைப் பற்றி எழுதிய பகுதி நன்றாக அமைந்துவிட்டதால் மனம் வரவில்லை. ஹாஜியம்மா வீட்டுக்குப் போக வேண்டாம். இனிப்பை நீங்களே சாப்பிடுங்கள். கேட்டால் பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அதை அவர்கள் உபசாரம் என்று எடுத்துக்கொண்டால், நேரில் பேச அதே வண்டியில் நானே வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

மஹ்லகாவிடம் இன்னும் சொல்லவில்லை. செவில் வேலைக்குப் போவதற்கு முன் என்னை வெளியே கூட்டிப்போய், பானெட்டைத் திறந்து, டார்ச்சை என் கையில் கொடுத்து, காற்றை எடுத்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குமிழி குமிழியாக வந்து நின்றதும் திருகை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தப்ரீஸ் வரன் வேணாமா செவில்?" என்று கேட்டேன்.

"வேணாம்பா" என்றாள்.

நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.